அம்பாசிடரில் ஹீட் முள் தாறுமாறாக ஆடினால் எங்கிருந்து பார்ப்பது

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அப்பா ஓட்டிய 1984 மார்க் 4 அம்பாசிடர், பெட்ரோல் எஞ்சின், வீடு திருப்பரங்குன்றம் பக்கம். காளவாசல் சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் 'எச்' வரைக்கும் போகிறது, சிக்னல் தாண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. ராத்திரி ஹெட்லைட் போட்டால் முள் தானாக ஒரு கோடு ஏறுகிறது. ரோட்டில் பள்ளம் வந்தால் துள்ளுகிறது. சென்சார் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டுக்குத் தகுந்தபடி ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வை, கழற்றிப் போட்டுவிட்டார்கள், இப்போது ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா, இல்லை முள் பொய் சொல்கிறதா. இதைப் பிரித்துப் பார்க்காமல் சாமான் மாற்ற ஆரம்பித்தால் கடைசியில் வண்டியில் பாதி புதுசாகியிருக்கும், முள் மட்டும் அப்படியே ஆடிக்கொண்டிருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் வண்டிகளில் வயர் வேலை பார்க்கிறேன், இந்த ஹீட் மீட்டர் விஷயத்தில் வீணாகும் பணம் வேறு எதிலும் இந்த அளவுக்கு வீணாகிப் பார்த்ததில்லை.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் வண்டியில் இரண்டு கோளாறு ஒன்றாக இருக்கிறது. ஹெட்லைட் போட்டால் ஏறுவதும் பள்ளத்தில் துள்ளுவதும் கரண்ட் சம்பந்தப்பட்டது. சிக்னலில் மெதுவாக ஏறி ஓடும்போது மெதுவாக இறங்குவது பெரும்பாலும் தண்ணீர் சம்பந்தப்பட்டது. இரண்டையும் ஒரே நோயாக நினைத்து மருந்து கொடுத்ததால்தான் எதுவும் கேட்கவில்லை.

ஏன் அப்படிப் பிரிக்கிறேன் என்று சொல்கிறேன். அந்த 1489 சிசி எஞ்சின் முழுக்க வார்ப்பிரும்பு, பிளாக்கும் ஹெட்டும் சேர்த்து எவ்வளவு கனம் என்று இறக்கி ஏற்றியவர்களுக்குத் தெரியும். அதற்குள் அத்தனை லிட்டர் தண்ணீர் வேறு. அது ஒரு நொடியில் இருபது டிகிரி ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, இறக்கி வைத்தால் ஆற எவ்வளவு நேரம் ஆகிறது, அதே கணக்குத்தான். அதனால் முள் சட்டென்று தாவினால் வயர், எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் இரும்புப் பாதை), மீட்டர் இந்த மூன்றில் ஒன்று. ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் எடுத்து ஊர்ந்து போனால் தண்ணீரில் நிஜமாகவே ஏதோ நடக்கிறது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் காற்றோ ஆவியோ நின்றால் முள் வேகமாக விழும். அதைப் பின்னால் சொல்கிறேன், அதுதான் ஆபத்தானது.

இந்தக் கணக்கு சரியாக வர, உங்கள் டேஷ்போர்டில் எந்த மாதிரி மீட்டர் இருக்கிறது என்று தெரிய வேண்டும். நாற்பது வருஷ வண்டி, இடையில் யார் எந்த மீட்டரை மாட்டினார்கள் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும், மாடல் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. சாவியை ஆன் செய்துவிட்டுப் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். மெதுவாக, பத்து இருபது நொடி எடுத்து எழுந்து நின்றால் உள்ளே சூடேறி வளைகிற இரட்டை உலோகப் பட்டை இருக்கிறது. சாவி திருப்பிய உடனே படக்கென்று எழுந்தால் அது காயில் வகை, கம்பிச் சுருளின் காந்த விசையில் முள் நகரும். பெட்ரோல் மீட்டரும் ஹீட் மீட்டரும் ஒரே கிளஸ்டரில் இருந்தால் பெரும்பாலும் ஒரே வகையாகத்தான் இருக்கும். மூன்றாவதாக ஒன்று உண்டு, மீட்டருக்குப் பின்னாலிருந்து வயருக்குப் பதில் மெல்லிய செம்புக் குழாய் எஞ்சின் வரைக்கும் போகும். அதற்குக் கரண்டே கிடையாது, உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் ஆவியாகிக் கொடுக்கும் அழுத்தத்தில் முள் நகரும். அந்தக் குழாய் எங்காவது உடைந்தால் முள் 'சி'யில் படுத்துவிடும், ஆடாது. உங்களுடையது ஆடுகிறது, சென்சாரும் மாற்றியிருக்கிறீர்கள், அதனால் அதை விட்டுவிடலாம்.

காயில் வகையாக இருந்தால் நான் மேலே சொன்ன தாவல் கணக்கு அப்படியே பொருந்தும். பட்டை வகையாக இருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும், அது இயல்பிலேயே சோம்பேறி, வயர் அறுந்தால்கூட முள் மெதுவாகத்தான் இறங்கும். அந்த வகையில் முள்ளின் வேகத்தை நம்புவதைவிட, எதைச் செய்தால் முள் நகர்கிறது என்பதை நம்புங்கள். லைட் போட்டால், பிரேக் மிதித்தால், ஹாரன் அடித்தால், வைப்பர் ஓடினால் முள் நகர்கிறது என்றால் தண்ணீருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிரேக் லைட் எரிவதால் எஞ்சின் சூடாகாது.

சரி, இப்போது எஞ்சின் நிஜமாகச் சூடாகிறதா என்று பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து குறி வைத்து அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது ஏசி மெக்கானிக் யாரிடமாவது ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது உதவாது, அது ஜுரம் பார்க்க மட்டும், நாற்பத்துச் சொச்சம் டிகிரிக்கு மேல் காட்டாது. பட்டறையில் பயன்படுத்துவது வேண்டும். இன்னொன்று, பளபளப்பான அலுமினியத்தில் குறி வைத்தால் அது குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட் இருக்கும் மூடியின் மேல், எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள், அந்தக் கறுப்பின் மேல் குறி வைத்தால் கிட்டத்தட்ட சரியான எண் வரும்.

மதிய வெயிலில் காளவாசல் வரைக்கும் ஓட்டிப் போய் முள் 'எச்' காட்டும்போது ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், பானெட்டைத் திறந்து அளந்து பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துண்டோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 80 முதல் 95 டிகிரி வரை இருந்தால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, முள்தான் பொய். 100-ஐ ஒட்டிப் போனாலும் உடனே பதற வேண்டாம், ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால் தண்ணீர் 100-ல் கொதிக்காது, ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை ஒன்றரை டிகிரி போல உயரும், மூடியில் 7 என்று போட்டிருந்தால் 110 வரைக்கும் தாங்கும். ஆனால் 105-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் முள் உண்மை சொல்கிறது என்று அர்த்தம், அணைத்துவிட்டு ஆற விடுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள், சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். இதில் முகம் வெந்தவர்களையும் ஹெட் வெடித்த வண்டிகளையும் நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி கரண்ட் பக்கம். முதல் கேள்வி, ஹீட் முள் ஆடும்போது பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஆடுகிறதா? இதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் பாதிப் பதில் இதில்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக ஆடினால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு, அதாவது டேஷ்போர்டு எர்த், சாவியிலிருந்து வரும் சப்ளை, அல்லது வோல்டேஜ் ஸ்டெபிலைசர். ஹீட் முள் மட்டும் ஆடினால் எஞ்சின் எர்த், சென்சார் வயர், சென்சார். கை வைப்பதற்கு முன் இதை ஒரு வாரம் கவனித்தாலும் பரவாயில்லை.

எஞ்சின் எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஹெட்லைட் அறிகுறி அப்படியே அதைத்தான் காட்டுகிறது. சென்சாருக்கு ஒரே ஒரு வயர்தான் வரும், திரும்பிப் போகும் பாதை அதன் மரை வழியாக எஞ்சின் இரும்புதான். எஞ்சினோ ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்டைக் கடத்தாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் இணைக்க ஒரு செம்புப் பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். பேட்டரி எர்த் பெரும்பாலும் பாடியில் முடியும். ஹெட்லைட் போட்டால் டைனமோவோ ஆல்டர்னேட்டரோ கூடுதலாகக் கரண்ட் கொடுக்கும், அந்தக் கரண்ட் திரும்பி எஞ்சினுக்கு வர வேண்டிய வழி அந்தப் பட்டை. பட்டை துருப்பிடித்துத் தடை கொடுத்தால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் அரை வோல்ட், ஒரு வோல்ட் வித்தியாசம் நிற்கும். மீட்டருக்கு அது சென்சார் கூடுதலாகக் கரண்ட் இழுப்பது போலத் தெரியும், முள் ஏறும். லைட்டை அணைத்தால் இறங்கும். எஞ்சின் சூட்டில் ஒரு டிகிரிகூட மாறியிருக்காது.

சில வருஷத்துக்கு முன் மேலூரிலிருந்து ஒருவர் இதே குறையோடு வந்தார், அவருடையதும் அம்பாசிடர்தான். வேறொரு பட்டறையில் எஞ்சினை இறக்கி ரீபோர் செய்து ஏற்றியிருக்கிறார்கள், அதிலிருந்துதான் முள் ஆடுகிறது. எனக்கு முன்னால் மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், பட்டை இரண்டு பக்கமும் போல்ட்டில்தான் இருந்தது, பார்வைக்குக் குறையே இல்லை. கையால் தடவினேன், கிரீஸும் மண்ணும் சேர்ந்து கெட்டியாகப் படிந்திருந்தது, நடுவில் ஓர் இடத்தில் விரல் அமுங்கியது. துணியால் துடைத்துப் பார்த்தால் பின்னல் முழுக்க அறுந்து நாலைந்து இழை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது, அந்த இழைகளும் பச்சை பூத்திருந்தன. ஸ்டார்ட் அடிக்கச் சொல்லிவிட்டு சோக் கேபிளைத் தொட்டேன், வெதுவெதுவென்று சுட்டது. பட்டை அறுந்ததால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்டில் ஒரு பகுதி சோக் கேபிள் வழியாக ஓடியிருக்கிறது. கவனிக்காமல் விட்டிருந்தால் என்றைக்காவது அந்தக் கேபிள் பற்றி எரிந்திருக்கும். புதுப் பட்டை போட்டு, இரண்டு பக்கமும் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து முடுக்கினேன். முள் நின்றுவிட்டது.

உங்கள் வண்டியில் இதைச் சோதிக்கப் பத்து நிமிஷம் போதும். பேட்டரி இறங்கினால் பக்கத்து வண்டியிலிருந்து ஸ்டார்ட் எடுக்கப் போடும் தடிமனான ஜம்பர் கேபிள் இருக்கிறதல்லவா, அதில் ஒன்றை எடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் பக்கத்திலும் மறு முனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் மாட்டுங்கள். கேபிள் ஃபேன் பக்கம் போகாமல் கட்டிவிட்டு, எஞ்சினை ஓட விட்டு ஹெட்லைட்டைப் போட்டு அணைத்துப் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் நோய் தெரிந்துவிட்டது. பேட்டரியில் எந்தப் பக்கம் எர்த் என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், மிகப் பழைய பிரிட்டிஷ் வகை வண்டிகளில் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும். உங்கள் வருஷத்து வண்டியில் நெகட்டிவ்வாகத்தான் இருக்க வேண்டும், ஆனாலும் கண்ணால் பார்க்காமல் கிளிப் மாட்ட வேண்டாம்.

மல்டிமீட்டர் இருந்தால் எண்ணாகவே பார்க்கலாம். டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரி எர்த் ஈயத்தின் மேல் (கிளாம்ப்பின் மேல் அல்ல, ஈயத்தின் மேலேயே), இன்னொரு முனையைச் சென்சாரின் பித்தளை உடம்பில் வையுங்கள். எஞ்சின் ஓட, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்ட நிலையில் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். 0.2-ஐத் தாண்டினால் எங்கேயோ கெட்டிருக்கிறது. மைனஸ் குறி வந்தாலும் கவலையில்லை, எண்ணைப் பாருங்கள். அதே மாதிரி டேஷ்போர்டு இரும்புக்கும் பேட்டரி எர்த்துக்கும் நடுவில் ஒரு தடவை பாருங்கள்.

எர்த் பேச்சில் இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சென்சாரை இரண்டு தடவை மாற்றினார்களே, தண்ணீர் கசியக் கூடாதென்று மரையில் வெள்ளை டெஃப்ளான் டேப்பை ஐந்தாறு சுற்றுச் சுற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். குழாய் வேலைக்கு அது சரி, இங்கே அந்த மரைதான் எர்த் பாதை. இறுக்கும்போது மரை டேப்பைக் கிழித்துக்கொண்டு இரும்பைத் தொட்டுவிடும் என்பார்கள், பல நேரம் தொடும், சில நேரம் பாதி தொட்டும் தொடாமலும் நிற்கும், பள்ளத்தில் வண்டி குலுங்கினால் முள்ளும் சேர்ந்து குலுங்கும். செம்பு வாஷர் போடும் வகை என்றால் டேப்பே தேவையில்லை.

அடுத்தது வயர். சென்சார் மேலிருக்கும் வயரைக் கழற்றிவிட்டுச் சாவியை ஆன் செய்தால் முள் 'சி'யில் இருக்க வேண்டும். கழற்றிய பிறகும் முள் ஏறினால் அந்த வயர் வழியில் எங்கேயோ பாடியைத் தொடுகிறது. கழற்றிய வயர் முனையை ஒரு சின்ன மீட்டர் பல்பு வழியாக எஞ்சினில் தொட வைத்தால் முள் ஏற வேண்டும். பல மெக்கானிக்குகள் வயரை நேரடியாக எர்த்தில் தேய்த்து முள் 'எச்' போகிறதா என்று பார்ப்பார்கள், காயில் வகையில் ஒரு நொடி தொட்டால் பெரிய கெடுதல் இல்லை, பட்டை வகையில் பிடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் சூட்டுக் கம்பி கருகிவிடும், பழைய மீட்டர் இப்போது கிடைப்பதும் கஷ்டம். அதனால் பல்பு வழியாகவே செய்யுங்கள். முள் ஏறியபடி இருக்கும்போது வயரை அதன் வழி நெடுக விரலால் மெதுவாக ஆட்டிக்கொண்டே வாருங்கள், சைலன்சர் மேனிஃபோல்டு சூட்டில் இன்சுலேஷன் அப்பளம் போல நொறுங்கும் இடம், எஞ்சின் ரூமிலிருந்து உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் போன இடம், இந்த இரண்டில்தான் பெரும்பாலும் மாட்டும். மீட்டருக்குப் பின்னால் இருக்கும் நட்டுகளையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், ஸ்பீடோமீட்டர் கேபிள் மாற்ற யாராவது கிளஸ்டரை இழுத்திருந்தால் அவை தளர்ந்திருக்கும்.

பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஆடுகிறது, மீட்டர் பட்டை வகை, என்றால் டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகரப் பெட்டி இருக்கிறதா பாருங்கள், அதுதான் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். அதற்குள்ளும் ஒரு பட்டையும் சூட்டுக் கம்பியும்தான். பாயின்ட் ஒட்டி ஒட்டிப் பிரிந்து, பேட்டரியின் 12, 14 வோல்ட்டைச் சராசரியாக 10 வோல்ட் ஆக்கிக் கொடுக்கும். அதில் டிஜிட்டல் மல்டிமீட்டர் வைத்தால் எண்கள் தாவித் தாவிக் குழப்பும், டெஸ்ட் லாம்ப் வையுங்கள், விட்டு விட்டு எரிந்தால் உயிரோடு இருக்கிறது. தொடர்ந்து எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது, அல்லது பெட்டிக்கே எர்த் இல்லை. எர்த் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பி சூடாகாது, பாயின்ட் பிரியாது, முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போகும், இரண்டு முள்ளும் தேவைக்கு மேல் காட்டும், ரேஸ் கொடுத்தால் இன்னும் ஏறும். பெட்டியின் திருகைக் கழற்றிச் சுரண்டி முடுக்கினாலே பல வண்டிகளில் சரியாகிவிட்டது.

பெட்டியே செத்திருந்தால் பழைய வகையைத் தேடி அலைய வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 7810 என்று ஒரு ஐசி கேளுங்கள், மூன்று கால் இருக்கும், சின்ன காசுதான், நெகட்டிவ் எர்த் வண்டிக்கு அது சரியாக 10 வோல்ட் கொடுக்கும். அதன் முதுகுத் தகடு எர்த், அதை டேஷ்போர்டு இரும்பில் திருகிவிடலாம், உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் சின்னக் கெபாசிட்டர் ஒவ்வொன்று போடுங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு இதைப் போடக் கூடாது, அதற்கு 7910. பழைய தகரப் பெட்டியின் உள்ளேயே இதை வைத்து மூடி மாட்டினால் பார்வைக்கு அசல் போலவே இருக்கும், அப்பா வைத்திருந்தபடி வண்டி இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததால் சொல்கிறேன்.

சென்சாரைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும், ஆனால் எல்லோரும் அதைத்தான் முதலில் மாற்றுகிறார்கள், காரணம் அது கையெட்டும் இடத்தில், ஹெட்டின் முன்பக்கம் தெர்மோஸ்டாட் பக்கத்தில் இருக்கிறது. அதைச் சோதிக்க வீட்டு அடுப்பு போதும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சென்சாரின் நுனி மட்டும் முழுகும்படி வயரில் கட்டித் தொங்க விடுங்கள், பாத்திரத்தின் அடியில் படக் கூடாது. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒரு முனையைப் பித்தளையிலும் ஒரு முனையை உச்சியிலும் பிடியுங்கள். ஆறிய தண்ணீரில் சில நூறு ஓம்ஸோ அதற்கு மேலோ காட்டும், சூடு ஏற ஏற எண் இறங்கும், கொதிக்கும்போது சில பத்துகளுக்கு வந்திருக்கும், இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாம் பார்க்க வேண்டியது எண்ணைவிட அது இறங்கும் விதம். வழுக்கிக்கொண்டு இறங்கினால் சென்சார் நல்லது. நடுவில் எங்காவது திடீரென்று தாவினாலோ, உச்சியை விரலால் ஆட்டினால் மாறினாலோ அது கெட்டது. புது சென்சார் உங்கள் மீட்டருக்குப் பொருந்தாத வகையாக இருந்தால் முள் எப்போதும் ஒரேயடியாக மேலோ கீழோ காட்டும், ஆனால் ஆடாது. தப்பாகக் காட்டுவது வேறு, ஆடுவது வேறு, இதை மெக்கானிக்கிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய சென்சார் இன்னும் வீட்டில் கிடந்தால் அதன் நுனியைப் பாருங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றிய வண்டியில், வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே வெள்ளை உப்புப் பொருக்கு அதிலும் அப்பியிருக்கும். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். அந்தப் பொருக்கு சூட்டைச் சென்சாருக்கு விடாது, முள் தாமதமாகவும் குறைவாகவும் காட்டும். சென்சாரிலேயே அவ்வளவு என்றால் ரேடியேட்டர் குழாய்களுக்குள் எவ்வளவு அடைத்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மதுரையில் தண்ணீர் உறைவதில்லை, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உறைவதற்காக இல்லை, துருவையும் இந்த உப்பையும் தடுப்பதற்காக. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கூலன்டைக் கலந்து ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீரும் வேண்டாம், கேன் தண்ணீரும் வேண்டாம்.

இப்போது தண்ணீர் பக்கத்துக்கு வந்துவிட்டோம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது உங்கள் வண்டிக்கு நல்லதல்ல, சிக்னல் ஆட்டம் அதிகமானதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். தெர்மோஸ்டாட் இருந்தால் ரோட்டில் ஓடும்போது காற்று அதிகமாக அடித்தாலும் தண்ணீரை 80-க்குக் கீழே இறங்க விடாது. அது இல்லாவிட்டால் நான்கு வழிச் சாலையில் எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும், முள் இறங்கும், சிக்னலில் நின்றால் ஃபேன் பெல்ட்டில் மெதுவாகச் சுற்றும் அந்த இறக்கைக் காற்று போதாமல் ஏறும். ஏற்றமும் இறக்கமும் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். நம் ஊரில் வெயில் காலம் வந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது பழக்கமாகவே ஆகிவிட்டது, அது மாட்டிக்கொண்டு திறக்காமல் போன வண்டிக்கு அவசரத்துக்கு அப்படிச் செய்யலாம், வீடு போய்ச் சேர்ந்ததும் புதுசு போட வேண்டும். 82 டிகிரி என்று அடித்திருக்கும் ஒன்றை வாங்கி, மாட்டுவதற்கு முன் சென்சார் சோதித்த அதே பாத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 82 பக்கம் வாய் திறக்க ஆரம்பித்துக் கொதி வருவதற்குள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், வெளியே எடுத்தால் தானாக மூட வேண்டும். முள் மெதுவாக 'எச்' பக்கம் போய்த் திடீரென்று பாதிக்கு விழுந்து மறுபடி ஏறினால் அது ஒட்டி ஒட்டித் திறக்கும் தெர்மோஸ்டாட்.

புதுசு மாட்டியதும் காற்றை வெளியேற்றுவது முக்கியம். எஞ்சின் ஆறிய நிலையில், வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஐட்லிங்கில் விடுங்கள். மேல் ஹோஸ் சூடாகிறபோது தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்கும், அப்போது ஊற்றி நிரப்புங்கள், இப்படி இரண்டு மூன்று தடவை. கொப்புளம் வருவது கொஞ்ச நேரத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், ரேஸ் கொடுத்தால் இன்னும் அதிகமானால், ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது, அந்த வாயு சென்சார் பக்கம் போகும்போதெல்லாம் முள் ஆடும். அப்படி இருந்தால் வயர் வேலை எதுவும் உதவாது, ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

முன்பு சொன்ன அந்த விதிவிலக்கு இதுதான். சென்சார் தண்ணீரின் சூட்டைத்தான் அளக்கும், தண்ணீரே இல்லாவிட்டால் அதைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றும், அது சூட்டை ஒழுங்காகக் கடத்தாது. எங்கள் மாமா ஒருவர் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது முள் 'எச்'சைத் தொட்டிருக்கிறது, நிறுத்தலாம் என்று நினைப்பதற்குள் விறுவிறுவென்று 'சி'க்கு இறங்கிவிட்டது. காற்று பட்டு ஆறிவிட்டது என்று நினைத்து ஏற்றம் முழுக்க ஓட்டிவிட்டார். கீழ் ஹோஸ் கிழிந்து தண்ணீர் மொத்தமும் ரோட்டில் போயிருந்தது. ஹெட் வளைந்து, பிஸ்டன் பிடித்து, வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். ஏறிய முள் காரணமில்லாமல் வேகமாக விழுந்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முள் பொய் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஜம்பர் கேபிள் சோதனையும், பெட்ரோல் முள் சேர்ந்து ஆடுகிறதா என்பதும். எஞ்சின் எர்த் பட்டையும் பேட்டரி எர்த்தும் எப்படி இருந்தாலும் கழற்றித் தேய்த்துப் புதுசாகவே போட்டுவிடுங்கள், நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அதன் பிறகு தெர்மோஸ்டாட் போட்டு, காற்று எடுத்து, கறுப்பு டேப்பில் சிக்னலில் நின்று ஒரு அளவு, ஓட்டி வந்து நிறுத்திய உடனே ஒரு அளவு எடுங்கள். சிக்னலில் 100-க்கு மேல் நிஜமாகவே போகிறது, பெல்ட்டும் இறுக்கமாக இருக்கிறது, மூடியும் நல்ல மூடி என்றால், அப்போது ரேடியேட்டரைப் பற்றிப் பேசலாம், அதுகூட புதுசு வாங்குவதற்கு முன் மேல் டேங்க்கைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து ஈயம் வைத்துத் தரும் பழைய ஆட்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், அவர்களிடம் முதலில் காட்டுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு முன் முடித்துவிடுங்கள், எதிர்சேவை அன்றைக்குத் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் அக்கினி வெயிலில் மாட்டினால் நல்ல வண்டியே திணறும்.

அந்த இரண்டு அளவையும், எர்த் சோதனையில் வந்த வோல்ட்டையும் எழுதுங்கள், பார்த்துவிட்டு அடுத்தது சொல்கிறேன்.